மண் குழியில் மிதித்த கால்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் கீழக்குயில்குடிக்கு வந்து பக்கத்து வீட்டு ஒச்சம்மாளைக் கேளுங்கள். அன்றைக்கு நான் ஓடிப்போய் வாந்தி எடுத்தது அவள் வாசலில்தான்.

என் பெயர் ரோகிணி. என் வீட்டுக்காரர் ஜெயபாண்டி மாட்டுத்தாவணியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவருடைய பெரியப்பா விருமாண்டி வேளார் கீழக்குயில்குடியில் பானை வனைந்தவர். கோயிலுக்கு மண்குதிரையும் செய்வார். பிள்ளைகள் இல்லை, மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டார். வயதான காலத்தில் சர்க்கரை வியாதி காலில் இறங்கியது. முதலில் வலது கால் சுண்டுவிரலை எடுத்தார்கள். அதன் பிறகு தல்லாகுளத்தில் எங்கள் வாடகை வீட்டில் வந்து கிடந்தார். தினமும் கட்டு மாற்றியது நான்தான். அந்தச் சீழ் வாடை இருக்கிறதே... சோற்றில் கை வைத்தாலும் விரலில் அதுதான் வரும். கடைசியில் முழங்காலுக்குக் கீழே அந்தக் காலையே எடுத்துவிட்டார்கள்.

அவர் கண் மூடும் முன்பே சொந்தக்காரர்கள் அவருடைய கீழக்குயில்குடி வீட்டுக்குப் போட்டி போட ஆரம்பித்தார்கள். அவர் காது கேட்கவே பேசினார்கள். கிழவர் படுத்தபடியே சொன்னார்.

“என் உடம்ப எவன் ஒழுங்காக் கரை சேக்கிறானோ, அவனுக்குத்தான்டா வீடு.”

தத்தனேரிச் சுடுகாட்டில் கொள்ளி வைத்தது என் வீட்டுக்காரர். காரியம் முடிந்ததும் பங்காளிகள் கூடி, வீட்டுச் சாவியை அவர் கையில் கொடுத்தார்கள். ஐப்பசியில் அங்கே குடிபோனோம்.

வீட்டுக்குப் பின்னால் கிழவர் மண் குழைக்கிற குழி. மேலே சாக்கு போட்டு மூடியிருந்தது. அவர் தொழிலை விட்டு மாதக்கணக்காகிவிட்டது. மண் காய்ந்து கல்லாகியிருக்க வேண்டும். கையை விட்டுப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி வழுக்கியது.

வெதுவெதுப்பாக இருந்தது...

வெயில் சூடு என்று நினைத்தேன். நல்ல மண்ணை ஏன் வீணாக்க வேண்டும்? வெந்நீர் போட அடுப்பு ஒன்று பூசினேன். இந்தக் கையால்.

அடுப்பைப் பற்ற வைத்த முதல் நாளே ஈ மொய்த்தது. நெருப்பு எரியும்போதே மொய்த்தது. அடுப்பின் உள்பக்கம் எண்ணெய் தடவியது போல மினுமினுத்தது. கறி தீய்கிற வாடை. விறகில்தான் ஏதோ இருக்கிறது என்று விறகை மாற்றினேன். வாடை போகவில்லை.

பிறகு தரையில் தடம்.

குழியிலிருந்து அடுப்படி வரை, விரல் தெரியாதபடி அப்பிய சேற்றுத் தடம். ஒரே கால். இன்னொரு கால் பட்ட அடையாளமே இல்லை. ஒற்றைக் காலில் குதித்து வந்தது போல... அடுப்பின் முன்னால் மட்டும் பல தடவை பதிந்திருந்தது. அங்கேயே நின்று, மிதித்துக்கொண்டே இருந்தது போல.

சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் காட்டினேன்.

“எலி ஓடியிருக்கும்.”

“எலிக்கு இம்புட்டுப் பெரிய காலா?”

“சும்மா இருடி. கெடச்ச வீட்ட விட்டுட்டுப் போகச் சொல்றியா?”

துணியை எடுத்துத் துடைத்தேன். துணியில் அந்த வாடை. கறி வாடை இல்லை. எனக்குப் பழக்கமான வாடை.

அடுத்த செவ்வாய்க்கிழமை. மதியம் பன்னிரண்டரை. அவர் ஆட்டோவுக்குப் போயிருந்தார். நல்ல வெயில். நான் சாப்பிட உட்கார்ந்தேன்.

சளக்...

பின்னால், குழியில்.

சளக்... சளக்...

ஈர மண்ணை மிதிக்கிற சத்தம். நாய் இறங்கிவிட்டது என்று கம்பை எடுத்துக்கொண்டு போனேன்.

நாய் இல்லை. யாருமே இல்லை.

சாக்கு ஓரமாகக் கிடந்தது.

மண் அமுங்கியது. என் கண் முன்னால். மேலே ஒன்றுமில்லை... மண் மட்டும் அமுங்கியது.

சளக்.

குதிகால். பாதம். விரல்கள்.

நான்கு விரல்கள்.

வலது கால்.

சுண்டுவிரல் இல்லை.

அந்தப் புண்ணை எத்தனை நாள் துடைத்திருக்கிறேன்! எனக்குத் தெரியாதா?

சத்தம் நின்றது.

பிறகு... என் பக்கத்தில், காய்ந்த தரையில்...

சளக்.

ஓடினேன்.

ஒச்சம்மாள் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். குடித்ததெல்லாம் வெளியே வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தத்தனேரியில் நாங்கள் எரித்தது ஒற்றைக் காலோடு இருந்த உடம்பை. வெட்டி எடுத்த கால் எங்கே போனது? அதுவரை நான் கேட்டதே இல்லை.

சாயங்காலம் அவர் வந்ததும் ஒச்சம்மாள் வாசலில் வைத்தே கேட்டேன்.

“பெரிய மாமாவோட கால என்ன செஞ்சீங்க?”

ஆட்டோ சாவியைச் சட்டைப் பையில் போட்டார்.

“சொல்லுங்க.”

“ஆஸ்பத்திரியில பையில போட்டுக் குடுத்தாங்க. கொண்டுபோய்ப் பொதச்சிருங்கன்னாங்க. நாத்தம் தாங்கல. சரியான மழை வேற. அவரு துணிமணி எடுக்க அன்னைக்கு இங்கதான வந்தேன்... அந்தக் குழிக்குள்ள அமுக்கிட்டேன்.”

“அந்த மண்ணுலதான நான் அடுப்புப் போட்டேன்? பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க?”

“சொன்னா நீ இங்க குடியிருக்க மாட்ட.”

என் தோளைத் தொட வந்தார். அந்தக் கையைப் பார்த்தேன். தட்டிவிட்டேன். அன்றைக்கே அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்து நகக்கண்ணில் ரத்தம் வருகிற வரை கையைத் தேய்த்துக் கழுவினேன். இன்னும் என் கையால் சோறு பிசைந்து தின்ன முடியவில்லை. ஸ்பூன்தான்.

மறுநாள் ஒச்சம்மாள் போன் செய்தாள். என் வீட்டுக்காரர் குழியைத் தோண்டியபோது அவளும் பக்கத்தில் நின்றிருக்கிறாள்.

“பை கெடச்சிருச்சு தாயி. செவப்புப் பாலித்தீன் பை. போட்ட முடிச்சு போட்டபடி இருக்கு. ஓட்ட இல்ல, கிழிசல் இல்ல.”

“உள்ள?”

குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

“உள்ள ஒண்ணுமே இல்ல தாயி.”