போர் வரை போகாத பிரதமர்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை சிட்னி பென்டில் ஹில்லிலிருந்து மெல்பர்ன் பாயிண்ட் குக்குக்குக் கார் ஓட்டிப் போனேன். ஊர் சுற்ற அல்ல, பேச. முதல் உலகப்போரின் கடைசி ஆண்டில் பிரான்ஸைத் தாங்கிப் பிடித்த பிரதமரைப் பற்றி, அங்குள்ள ஒரு தமிழ் அமைப்பின் ஆண்டு விழாவில் நாற்பது நிமிடச் சிறப்புரை. அழைப்பிதழில் அவர் பெயரைத் தப்பாகப் போட்டு, பிறகு எடுத்தே விட்டார்கள். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். ஆனால் அந்த மனிதரைப் பல வருடமாகப் படிக்கிறேன். வீட்டில் யாரும் காது கொடுப்பதில்லை. சிட்னி அமைப்புகளுக்குப் பட்டிமன்றம்தான் வேண்டுமாம். ஒரு தடவையாவது அவர் கதையை முழுதாக நாலு பேருக்குச் சொல்லிவிட வேண்டும் என்று ஆசை.

ஹியூம் நெடுஞ்சாலை வழியே ஏறக்குறைய 890 கிலோமீட்டர். காலை நான்கு மணிக்குக் கிளம்பினேன். கண்டகையில் காபி, ஆல்பரியில் பெட்ரோல். போவதற்கு மட்டும் நூற்றிருபது டாலர் ஆனது. சாலை அருமை, பார்க்க ஒன்றுமில்லை. காய்ந்த புல், மாடு, மறுபடி காய்ந்த புல். வழி நெடுக உரையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன். எழுபத்தாறு வயதில் ஆட்சிக்கு வந்து, பதுங்குகுழிகளுக்கே போய்ச் சிப்பாய்களைப் பார்த்தவர். ஆஸ்திரேலியப் படையினரிடம் நேரில் வந்து நன்றி சொன்னவர். அந்த இடத்தில் கைதட்டல் விழும் என்று வேறு நினைத்திருந்தேன்.

நாலு மணி விழா ஐந்தேகாலுக்குத் தொடங்கியது. குத்துவிளக்கு, பரதநாட்டியம், மேடையில் பதினோரு பேர். ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, ஒவ்வொருவரும் வாழ்த்துரை. வீட்டுக்கடன் தரகர் ஒருவர் வட்டி விகிதத்தைச் சொல்லியே இருபது நிமிடம் வாழ்த்தினார். என் முறை வந்தபோது செயலாளர் காதருகே குனிந்தார்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. பத்து நிமிஷத்துல முடிச்சிடுங்க. சாப்பாடு ஆறிடும்.”

மைக்கைப் பிடித்ததும் பழக்கம் முந்திக்கொண்டது. தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே என்று ஆரம்பித்து, யாரையாவது விட்டால் மனத்தாங்கலாகிவிடுமே என்று பதினோரு பேரையும் பட்டம் பதவியோடு விளித்தேன். பிறகு பிறப்பு, அப்பா, மருத்துவப் படிப்பு, இளவயதில் அமெரிக்கா போனது. அங்கிருந்து அவரைத் திரும்பக் கூட்டி வருவதற்குள் மணி அடித்துவிட்டார்கள். இறங்கியதும் எனக்கும் ஒரு பொன்னாடை போட்டார்கள். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

சாப்பாட்டு வரிசையில் முன்னால் நின்ற ஆன்ட்டி திரும்பினார். மன்னார்க்காரர், மகன் பாரிஸில் இருக்கிறாராம்.

“பிறகு அந்தாள் என்ன செய்தவர், தம்பி?”

“போர்ல ஜெயிச்சுக் கொடுத்தாரு, ஆன்ட்டி.”

“அப்ப தலையில தூக்கி வச்சிருந்திருப்பினம்.”

“கொஞ்ச நாள்தான். அடுத்து ஜனாதிபதி ஆக்கலாம்னு பேச்சு வந்தப்போ ஓட்டெடுப்புல கவுத்துட்டாங்க.”

“ஓம், அது எங்கேயும் அப்படித்தான்” என்று வடையை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். அன்று போர் முடிந்த பிறகான கதையைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

போக நினைப்பவர்களுக்கு: ஒரே நாளில் தனியாக ஓட்டாதீர்கள், ஆல்பரியில் ஒரு இரவு தங்குங்கள். விமானம் என்றால் ஒன்றரை மணி நேரம்தான். பேசப் போகிறவர்கள் போரை முதலில் சொல்லிவிடுங்கள். பிறப்பு வளர்ப்பெல்லாம் நேரமிருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை அமைப்பின் வாட்ஸ்அப் குழுவில் என் படம் வந்தது. கீழே, ‘பிரெஞ்சு மருத்துவர் ஒருவரின் அமெரிக்கப் பயணம் பற்றிய சுவையான உரை’ என்று போட்டிருந்தார்கள். நிறையப் பேர் கைகூப்பியிருந்தார்கள்.