பூரியின் பின்னங்கால்கள்

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் முடித்ததும் நீங்கள் என்னை எப்படிப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், நிறையப் பேர் பார்த்துவிட்டார்கள். எங்களுடையது யாழ்ப்பாணத்திலிருந்து பினாங்குக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம், அப்பா அரசாங்க கிளார்க், வீட்டில் யாராவது இருட்டைப் பார்த்துப் பயந்தால் விளக்கைப் போட்டு, எங்கே இருக்கிறது காட்டு என்று கேட்பார். நானும் அப்படியே வளர்ந்தேன். பினாங்குக்கு எதிர்க்கரையில், பிறை என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை. மெஷின் நின்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், தேடினால் அகப்படும், இதுதான் எனக்குத் தெரிந்த தத்துவம். இந்த ஒன்றுக்கு மட்டும் இத்தனை வருஷமாகத் தேடுகிறேன், அகப்படவில்லை.

இன்னொன்று, இது இரவில் நடந்ததல்ல. பட்டப்பகல், சாப்பாட்டு நேரம் முடிந்த கையோடு, சுற்றிலும் ஆட்கள், கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது.

எண்பதுகளின் கடைசி. நான் அப்போது ஒரு நாடகக் குழுவில் இருந்தேன், பொங்கல், தீபாவளி விழாக்களில் மேடையேறுவோம். அதைப் பார்த்துவிட்டுத்தான் கணேசன் என்கிற டைரக்டர் என்னைக் கூப்பிட்டார். விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர், தொலைக்காட்சிக்குத் தமிழில் ஒரு சிறுவர் தொடர் எடுக்க வாய்ப்புக் கிடைத்திருந்தது. மிருக வேஷம் போட்ட ஆட்கள் பிள்ளைகளோடு ஆடிப் பாடி, அரிச்சுவடியும் நல்ல பழக்கமும் சொல்லிக் கொடுப்பார்கள். ஒரு முயல், ஒரு சேவல், ஓர் எருமை. எருமைக்குப் பூரி என்று பெயர் வைத்தார். கீழே கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தோன்றிய பெயராம்.

பூரி பெரிய உருப்படி, உள்ளே இரண்டு பேர் வேண்டும். சீனப் பெருநாளில் சிங்க ஆட்டம் பார்த்திருப்பீர்களே, அதே மாதிரி. முன்னால் ஒருவன் தலையைத் தூக்கிக்கொண்டு நடப்பான், பின்னால் ஒருவன் குனிந்து முன்னவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவான். சிங்கத் தலை செய்கிற ஒரு சீனரிடம் சொல்லித்தான் மூங்கிலும் காகிதமும் வைத்து அந்தத் தலையைச் செய்து வாங்கினார்கள். முன்னங்கால் நான். பின்னங்கால் சேகர், டயர் கடையில் வேலை செய்தவன், வாட்டசாட்டமான ஆள், கை ஒவ்வொன்றும் முறம் மாதிரி. அவன் உள்ளே இருக்கிறான் என்றால் இருக்கிறான் என்று தெரியும். வாய் ஓயாது. கழுத்து வலிக்கிறது என்பான், ஒண்ணு ரெண்டு என்று அடி எண்ணுவான், சாப்பிட்டதெல்லாம் மேலே வருகிறது என்பான், அவன் மூச்சுக்காற்று என் முதுகில் அடுப்பு மாதிரி அடிக்கும்.

படப்பிடிப்பு சூலியா தெருவிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், பழைய கிடங்கின் மேல்மாடியில். கீழே வெங்காயமும் பூண்டும் அடுக்கியிருந்தார்கள், அந்த நெடி மேலே வரைக்கும் வரும். மேல்மாடி முழுக்க மரப்பலகைத் தரை. ஓர் ஓரமாக ஒரு சதுர ஓட்டை, அந்தக் காலத்தில் கப்பி போட்டு மூட்டைகளை ஏற்றி இறக்குவதற்காக வெட்டியது. அதைப் பலகைகளால் மூடி, அதன்மேல் பச்சைப் புல் கம்பளத்தை விரித்துத் தோட்டம் மாதிரி செய்திருந்தார்கள். வெளிச்சம் வராமல் ஜன்னல்களை எல்லாம் கறுப்புத் துணியால் அடைத்து, பெரிய பெரிய விளக்குகளைப் போட்டால் உள்ளே எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் எருமைத் தோல் வேறு.

எங்களுக்கு வேஷம் மாட்டிவிடுவது லெட்சுமி அக்கா. நல்ல தையல்காரி, பூரியின் உடம்பைத் தைத்ததே அவர்தான், பின்னவன் உள்ளே புகுந்ததும் வெளியிலிருந்து அடிவயிற்றுக் கொக்கிகளை மாட்டுவதும் அவர்தான். அவருடைய ஆறு வயது மகள் கவிதாவும் நடிக்கிற பிள்ளைகளில் ஒருத்தி. படு சுட்டி, என்னைத் தலையோடு பார்த்தாலும் தலையில்லாமல் பார்த்தாலும் பூரி அங்கிள் என்றுதான் கூப்பிடுவாள்.

அன்று சாப்பிட்டுவிட்டு வந்ததும் ஊர்வலப் பாட்டு. பூரி தோட்டத்தைச் சுற்றி நடக்க வேண்டும், அதன் வாலைக் கவிதா பிடித்துக்கொள்ள, அவளுக்குப் பின்னால் மற்றப் பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் மாதிரி வர வேண்டும். எனக்கு வெளியே எதுவும் தெரியாது, பூரியின் வாயில் ஒரு வலை இருக்கும், அதன் வழியாகக் காலடியில் கொஞ்சம் தரை தெரியும், அவ்வளவுதான். அதற்காக நான் நடக்க வேண்டிய பாதையில் வெள்ளை டேப் ஒட்டியிருந்தார்கள்.

கணேசன் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார், பிள்ளைகளைச் சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். லெட்சுமி அக்கா எனக்குத் தலையை மாட்டிவிட்டு, முயலின் மீசை கோணிவிட்டதென்று அந்தப் பக்கம் ஓடினார். நான் காத்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் பின்னால் துணி அசைந்தது. யாரோ குனிந்து உள்ளே வந்தார்கள். இடுப்பில் இரண்டு கை வந்து பிடித்தது. பெரிய கை, விரல்கள் முன்பக்கம் வயிறு வரைக்கும் எட்டின. சேகர் என்று நினைத்துக்கொண்டேன், வேறு யாரை நினைப்பேன்?

நம்பினால் நம்புங்கள், அந்தக் கை சில்லென்று இருந்தது. அந்தச் சூட்டில் அது முதலில் இதமாகத்தான் இருந்தது. ஐஸ் தண்ணீரில் கை கழுவிவிட்டு வந்திருக்கிறான் போல என்று நினைத்தேனே தவிர வேறெதுவும் தோன்றவில்லை.

பாட்டைப் போட்டார்கள், நடக்க ஆரம்பித்தோம். அடி பிசகவில்லை. சேகர் எப்போதும் அரை அடி பிந்தி என் குதிகாலை மிதிப்பான், அன்று என் காலும் பின்கால்களும் ஒரே ஆளுடைய கால்கள் மாதிரி விழுந்தன. கணேசன் பாட்டுக்கு மேலே சத்தம் போட்டு, இதுதான் வேணும், இதுதான் வேணும் என்றார். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பின்னால் பேச்சே இல்லை. எண்ணவில்லை, முனகவில்லை. முதுகில் மூச்சும் படவில்லை.

இரண்டாவது சுற்றில் என்னை இடது பக்கமாகத் தள்ளியது. லேசாகத்தான். நான் வலது பக்கம் திருத்தினேன், மறுபடியும் தள்ளியது. பின்னால் வருகிறவனுக்கு வழி தெரியாது, முன்னவன் போகிற பக்கம் போவதுதான் அவன் வேலை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "டேய் சேகர், எங்கடா தள்ளுறே? டேப் அந்தப் பக்கம்டா" என்றேன். பதில் இல்லை. பிடி மட்டும் இறுகியது. மெல்ல மெல்ல, துணி பிழிகிற மாதிரி இறுகியது. வலைக்குள் தெரிந்த வெள்ளை டேப் ஓரமாக நகர்ந்து மறைந்தது. பச்சைக் கம்பளம் மட்டும் தெரிந்தது. பின்னால் பிள்ளைகள் சந்தோஷமாகப் பாடிக்கொண்டு வருகிறார்கள், கவிதாவின் குரல் எல்லோருக்கும் மேலே கேட்கிறது.

எனக்கு எதற்கென்று தெரியாமலேயே உடம்பெல்லாம் வியர்த்தது, வெக்கை வியர்வை வேறு, இது வேறு. காலை ஊன்றி நின்று பார்த்தேன். சப்பாத்து வழுக்கிக்கொண்டே போனது, ஒரு லாரியை முதுகால் தடுக்கிற மாதிரி இருந்தது. நிற்க முடியாது என்று தெரிந்ததும் நான் செய்தது ஒன்றுதான். அப்படியே பொத்தென்று தரையில் உட்கார்ந்துவிட்டேன். கால் இரண்டும் முன்னால் நீண்டன. வலது குதிகால் கம்பளத்தில் பட்டது, கம்பளம் அதோடு கீழே போனது. அடியில் பலகை இல்லை.

யாரோ அலறினார்கள். பாட்டு நின்றது. தலையைக் கழற்றி என்னைக் கக்கத்தில் கைகொடுத்துப் பின்னால் இழுத்தார்கள். பார்த்தால், கம்பளத்தின் நடுப்பகுதி தொட்டில் மாதிரி தொங்கிக்கொண்டிருக்கிறது, அதன் ஓரம் விலகிய இடத்தில் கீழ்மாடியின் சிமெண்டுத் தரை தெரிகிறது. சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெரிய விளக்கை அந்த ஓட்டை வழியாக மேலே ஏற்றியிருக்கிறார்கள். கம்பளத்தைத் திரும்ப விரித்தவர்கள் பலகைகளை வைக்கவில்லை. நான் இன்னும் ஓரடி போயிருந்தால் நான் மட்டும் போயிருக்க மாட்டேன், பின்னால் வந்த ரயிலும் வந்திருக்கும். லெட்சுமி அக்கா மகளை வாரி எடுத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு வந்த கோபம் சேகர்மேல். எழுந்து பின்பக்கத் துணியைப் பிடித்து, "வெளியே வாடா" என்று இழுத்தேன். துணி லேசாகக் கையோடு வந்தது. பின்னங்கால் இரண்டும் உடம்போடு சேர்த்துத் தைத்தவை, அவை கொடியிலிருந்து விழுந்த துணி மாதிரி தரையில் தட்டையாகக் கிடந்தன. அடிவயிற்றுக் கொக்கிகள் எல்லாம் மாட்டியபடி இருந்தன. ஆள் வெளியே போக வழியே இல்லை.

அந்த நேரத்தில்தான் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. சேகர் மேலே வந்தான். பிளாஸ்டிக் பையில் கட்டிய ஐஸ் தேத்தண்ணீர் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது. மோட்டார் சைக்கிள் டயர் பஞ்சர், ஒட்டிவிட்டு வர நேரமாகிவிட்டதாம். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, நான் இல்லாமலே ஆரம்பிச்சிட்டீங்களா லா?" என்றான்.

லெட்சுமி அக்கா அப்போதுதான் வாய் திறந்தார். "தம்பி, நான் கொக்கி போடல. போட வந்தேன். ஏற்கெனவே போட்டிருந்துச்சு" என்றார்.

கணேசன் பேய்க்கதை எல்லாம் வேண்டாம் என்றார், எடுத்த வீடியோ டேப்பைத் திருப்பிப் போட்டால் தெரிந்துவிடும் என்றார். சின்ன டிவிப் பெட்டியைச் சுற்றி எல்லோரும் நின்று பார்த்தோம். பூரி வருகிறது, நான்கு காலும் அழகாக எடுத்து வைத்து வருகிறது. பின்முதுகு ஆள் இருக்கிற மாதிரி புடைத்திருக்கிறது. பாதை மாறுகிறது. நான் பொத்தென்று உட்காருகிறேன். பின்பக்கம் உட்காரவில்லை. எருமையின் முன்பாதி தரையில் கிடக்க, பின்பாதி மட்டும் அப்படியே நிற்கிறது. ஆட்கள் என்னை நோக்கி ஓடி வருகிறார்கள், அப்போதும் நிற்கிறது. பிறகு அவசரமே இல்லாமல், களைத்துப்போன ஆள் உட்காருகிற மாதிரி கீழே இறங்குகிறது. கணேசன் மெஷினை நிறுத்தினார். விளக்குக்காரர் ஒரு சீனர், அவர் தன் வயர்களைச் சுருட்ட ஆரம்பித்தார், கூலியைக்கூடக் கேட்காமல் போய்விட்டார், அதன்பிறகு வரவே இல்லை.

வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றினால் இடுப்பின் இரண்டு பக்கமும் கன்றிப்போயிருந்தது. என் மனைவி, காற்சட்டை பெல்ட் இறுக்கியிருக்கும் என்றார். நானும் ஆமாம் என்றேன். அடுத்த வாரம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடந்து போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன், அப்பா உயிரோடு இருந்திருந்தால் சிரித்திருப்பார். நான் அந்த எருமைக்குள் அதன்பிறகு நுழையவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், கணேசன் அந்தக் காட்சியை வீணாக்க மனமில்லாமல் முதல் சுற்றை வெட்டியெடுத்துச் சேர்த்துவிட்டார். ஒளிபரப்பானபோது அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து கைதட்டிப் பார்த்தார்கள். நான் அடுப்படியில் போய் நின்றுகொண்டேன். தொடர் அதிக நாள் ஓடவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நானும் ஏதாவது காரணம் கண்டுபிடித்திருப்பேன். வெக்கை, மயக்கம், துணிக்குள் காற்றுப் புகுந்தது, இப்படி ஏதாவது. தொழிற்சாலையில் சில பேரிடம் அப்படிச் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் இரத்த அழுத்த மாத்திரை வாங்க ஒரு கிளினிக்குக்குப் போனேன். மருந்து கொடுக்கிற இடத்தில் இருந்த பெண் என் பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "பூரி அங்கிள்தானே?" என்றார். கவிதா. இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். லெட்சுமி அக்கா மகளோடுதான் இருக்கிறாராம், கண் சரியாகத் தெரியவில்லையாம். அதையும் இதையும் பேசிவிட்டு, நான் சும்மா இருந்திருக்கலாம், அந்த நாள் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன். நல்லா இருக்கு அங்கிள் என்றார். வாலை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தாயே, நீதான் முதல் ஆளாக விழுந்திருப்பாய் என்றேன்.

கவிதா மாத்திரையை உறையில் போட்டுக்கொண்டே சொன்னார். "நான் வாலைப் பிடிக்கவே இல்ல அங்கிள். உள்ளேயிருந்து ஒரு கை வந்து என் கையைப் பிடிச்சிருந்துச்சு. நீங்க உட்கார்ந்ததுக்கு அப்புறந்தான் விட்டுச்சு."

அந்தப் பெரிய கையா என்று கேட்டேன்.

"பெரிய கையா? இல்லையே," என்றார். "அப்போ இருந்த என் சின்னக் கை அளவுதான் இருந்துச்சு. அதனாலதான் நான் பயப்படல."

மருந்தை வாங்கிக்கொண்டு வந்து காரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் இடுப்பைப் பிடித்தவை இரண்டும் பெரிய கைகள். இரண்டும் கடைசிவரைக்கும் என் இடுப்பில்தான் இருந்தன, அதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை.