அக்கரையில் தெரிந்த பச்சை

எங்கள் ஊர் பம்கோலில் மிளகாய் நடும் நாளைக் குறிப்பவர் என் சித்தப்பா பியோ கில்-சு. இருபது வருடமாக அப்படித்தான். அவர் வயலில் நாற்று இறங்கிய மறுநாள் ஊரே குனிந்து நடும். அந்த ஒரு நாளை வைத்துத்தான் வருடம் முழுக்க அவர் நிமிர்ந்து நடந்தார்.

போன வருடம் அதில் மண் விழுந்தது. ஓடைக்கு அக்கரையில் ஓக் புன்-நாம் அக்காவின் மிளகாய் காய்த்த காய்ப்பு அப்படி. இந்த ஏப்ரலில் இரண்டு பேர் அவளிடம் போய், எப்போது நடலாம் என்று கேட்டுவிட்டார்கள். சித்தப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"மூணு வருசம் முன்னாடி மண்வெட்டி பிடிக்கத் தெரியாதவ!" என்பார் கிம்ச்சி ஊறுகாயைக் கடித்துக்கொண்டே. அவள் பாத்தி மேல் விரித்த கறுப்பு பிளாஸ்டிக் தாள்கூட அவர் கண்ணுக்கு அதிகமாகப் பளபளத்தது.

உறைபனிக்குப் பயந்து மே ஐந்துக்கு முன் எங்கள் பக்கம் யாரும் மிளகாயை வயலில் இறக்க மாட்டார்கள். ஏப்ரல் இருபத்தேழு மதியம், சித்தப்பா ஓடைக்கரையில் நின்று அக்கரையைப் பார்த்தார். கறுப்புத் தாள் மேல் வரிசை வரிசையாகப் பச்சை.

"நட்டுட்டாடா! எனக்கு முன்னாடி நட்டுட்டா!"

"நாளைக்கு விடியக்காலம் குளிர் இறங்கும் சித்தப்பா. நாலு வருசம் இதைத்தானே படிச்சேன்." எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான், அதுவும் வேளாண்மையில். அதைச் சொல்லிக்காட்டும் வாய்ப்பை நான் விடுவதில்லை.

"உன் பட்டத்தைக் கொண்டாந்து வயல்ல விரி, பனி அதுமேல விழட்டும். நாத்துத் தட்டைத் தூக்குடா!"

பிப்ரவரியிலிருந்து தன் படுக்கையறைச் சூட்டில் வைத்து வளர்த்த எழுநூறு நாற்று. அந்த வருடத்துக்கு அவரிடம் இருந்ததே அவ்வளவுதான். சித்தி திட்டத் திட்ட, நாங்கள் மூவரும் பொழுது சாய்வதற்குள் நட்டு முடித்தோம். அக்கரைப் பக்கம் அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

விடிந்தபோது இலைகள் வெந்த கீரைபோலத் தொங்கின. சித்தப்பா குனிந்து இரண்டு மூன்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"அவளோடதும் போயிருக்கும். வா, பாத்துட்டு வருவோம்."

அக்கரையில் தாள் மட்டும் கிடந்தது. ஒரு நாற்றும் இல்லை. கொட்டகைக்குள் தட்டுத் தட்டாக எல்லாம் பச்சையாக நின்றன.

"வாங்கண்ணே!" என்றாள் அக்கா. "பகல்ல தட்டோட தாள் மேல வெச்சுக் காத்துக்குப் பழக்குறேன். சாயங்காலம் உள்ள தூக்கிருவேன். நேத்து நீங்க நட்டதப் பாத்து இன்னிக்கு நானும் நடலாம்னு இருந்தேன். என்கிட்ட வந்து கேட்டவங்ககிட்டகூட, கில்-சு அண்ணனைப் போய்க் கேளுங்கன்னுதான் சொன்னேன்."

அவள் திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அவளிடம் இருநூறு நாற்று உபரியாக இருந்தது. வேண்டாம் என்று மூன்று முறை சொல்லிவிட்டு வாங்கினார். மீதியைச் சந்தையில் வாங்கினோம். அவள் நாற்றை மட்டும் ரோட்டுக்குத் தெரியாத கடைசிப் பாத்தியில் நட்டார்.

ஆகஸ்டில் அந்தப் பாத்திதான் முதலில் சிவந்தது, கொத்துக் கொத்தாக.

"மண்ணு என்னோடதுடா. மண்ணாலதான் இப்படிக் காய்க்குது. சொல்லேன், படிச்சவனே!"

"மண்ணாலதான் சித்தப்பா."

நான் சொன்னதை அவர் கேட்டாரா தெரியவில்லை. அங்கேயும் சிவந்துவிட்டதா என்று எட்டி எட்டி அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.