பாதி வேகத்தில் ஓடிய கார்

நசுருதீனிடம் மெஷினைக் கொடுக்க வருகிறவர்கள் முதலில் திட்டு வாங்குவார்கள், பிறகுதான் ரசீது வாங்குவார்கள். ஒப்பணக்கார வீதியிலிருந்து உள்ளே வளையும் ஒரு சந்தில், ஆள் குனிந்துதான் நுழைய வேண்டிய கடை அது. "தண்ணி கிண்ணி ஊத்துனீங்களா?" என்று கேட்பார். சத்தியமாக இல்லை என்பார்கள். மூடியைக் கழற்றினால் உள்ளே காப்பிக் கறை சிரிக்கும். அப்புறம் அவர் வாயில் விழுந்து எழுந்திருக்க அரை மணி நேரம் ஆகும். இதற்காகவே ஒரு அட்டையில் எழுதி, வந்தவர் முகத்துக்கு நேராக மாட்டி வைத்திருந்தார்: "மெஷின் பொய் சொல்லாது. நீங்களும் சொல்ல வேண்டாம்."

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட மனுஷன். ரேடியோ, டிவி, வீடியோ டெக் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக் கடைசியில் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்திருந்தார். கம்ப்யூட்டரோடு வரும் தடித்தடியான இங்கிலீஷ் புத்தகங்களை அவர் மனைவி மெஹராஜ்தான் சாப்பாட்டுக்கு அப்புறம் வாசித்து அர்த்தம் சொல்வாள். பழுது என்னவென்று தெரியாமல் ஒரு மெஷின் கடையை விட்டுப் போனால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. ஆறாம் விரல் மாதிரி ஸ்குரூ டிரைவர் கையிலேயே இருக்கும். அதைத் தவிர அவருக்கு ஆண்டவன் கொடுத்தது அந்த வீம்பு ஒன்றுதான்.

முந்தின வருஷத்துக் கலவரத்துக்குப் பிறகு வெளியூர்க்காரர்கள் அந்தச் சந்துப் பக்கம் எட்டிப் பார்ப்பதையே விட்டிருந்தார்கள். பெரிய ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட கடைகள் எத்தனையோ வந்துவிட்டன. அதனால் தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஆனி மாதம் ஒரு வெள்ளை வேட்டிக்காரர், மஞ்சள் பையில் ஒரு லேப்டாப்பைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வாசலில் நின்றபோது, நசுருதீன் திட்டவில்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

வந்தவர் செங்கோட்டையன். கருமத்தம்பட்டியில் பன்னிரண்டு தறி போட்டு ஓட்டுகிறவர்.

"பையன் கேம் ஆடறதுங்க பாய். சிங்கப்பூர்ல இருந்து அவனோட மாமன் குடுத்துட்டுப் போன பழைய மெஷினு. ஆடிட்டு இருக்கறப்பவே திணறுதுங்க. காரு நவுந்து நவுந்து போகுது, சத்தம் இழுவையா வருது. அப்புறம் பொசுக்குனு அமந்து போயிருதுங்க."

"கேம் ஆடறதுக்கா இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தீங்க?"

செங்கோட்டையன் எதிரே தொங்கிய அட்டையை ஒருமுறை படித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். பையன் பெயர் கிருபாசங்கர், வயது பத்தொன்பது. பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது சதை சுருங்குகிற நோவு வந்து கால் இரண்டும் போய்விட்டது. பிறகு கையும் சோர ஆரம்பித்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இதற்கு மருந்து இல்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். சித்திரையில் பெருந்துறைப் பக்கம் ஒரு வைத்தியரிடம் எண்ணெய் வாங்கித் தேய்க்க ஆரம்பித்தார்கள்.

"அதுக்கு முந்தி இந்தக் கேம்ல நாலாவது ஸ்டேஜத் தாண்ட மாட்டானுங்க. எண்ண தேச்ச பொறவு ஒம்பதாவது வரைக்கும் போறானுங்க பாய்! கையி திரும்புதுங்க. பத்தையும் முடிச்சுப்போட்டா மறுக்காப் படிக்கப் போறேன்னு சொல்லியிருக்கறான். அதுக்குள்ளார இந்த மெஷினு அமந்து அமந்து அவனக் கொல்லுதுங்க."

சொல்லும்போது அந்த மனிதரின் முகம் பூராவும் சிரிப்பாக இருந்தது. நசுருதீன் மெஷினை வாங்கி மேசைமேல் வைத்தார். இந்த மெஷினைச் சரி செய்யாவிட்டால் நான் மனுஷனே இல்லை என்று அப்போதே மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

லேப்டாப் மேசைக்கு வந்தால் அவர் செய்கிற முதல் வேலை, பேட்டரியைக் கழற்றித் தள்ளி வைப்பது. ஒருமுறை பேட்டரி இருக்கும்போதே ஸ்குரூ ஒன்று உள்ளே விழுந்து, ஒரு போர்டு புகைந்துபோனதிலிருந்து அது அவருக்குச் சட்டம். அடாப்டரை மட்டும் சொருகி விளையாட்டை ஓட்டிப் பார்த்தார். மலைப்பாதையில் எதிரே வரும் லாரிகளுக்குத் தப்பித்துக் காரை ஓட்ட வேண்டும். இரண்டே கீ, இடது, வலது. கார் சீறிக்கொண்டு போனது. திணறலும் இல்லை, இழுவையும் இல்லை. ஆட்டம் முடிந்ததும் பெயர் கேட்டது. பிறகு, கடைசியாக ஆடிய பத்து ஆட்டத்தில் யார் எந்த ஸ்டேஜ் வரை போனார்கள் என்று பட்டியல் காட்டியது. ஆங்கில எழுத்தில் எல்லாம் கிருபா, கிருபா, கிருபா. எட்டு, ஒன்பது, ஒன்பது.

தூசி தட்டினார். தேவையில்லாத ஃபைல்களை அழித்தார். நல்லாத்தான் ஓடுகிறது என்று கொடுத்தனுப்பினார். பத்தாம் நாள் செங்கோட்டையன் அதே மஞ்சள் பையோடு வந்து நின்றார். இந்த முறை மூன்று நாள் வைத்திருந்து ஓட்டினார். கடையில் அது சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையாக ஓடியது. வீட்டுக்குப் போனால் மறுபடியும் திணறல். மூன்றாம் தடவை செங்கோட்டையன் பொதுத் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டு, "உங்களுக்குச் செரமம் வேண்டாமுங்க பாய், உட்டுருங்க" என்றபோது, நசுருதீனுக்குச் சுருக்கென்றது.

"நாளைக்கு நானே வர்றேங்ணா. உங்க ஊட்டுலயே வெச்சுப் பாத்தர்லாம்" என்றார்.

அவினாசி ரோடு பஸ்ஸில் போய் இறங்கி, தறிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தால் செங்கோட்டையன் வீடு வந்துவிட்டது. மணி மூன்று. கிருபாசங்கரை நாற்காலியில் இரண்டு பக்கமும் தலையணை கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். குளித்துத் திருநீறு பூசி, எண்ணெய் வாசனையோடு இருந்தான். அம்மா ராசாத்தாள் அவன் கைகளைத் தூக்கி லேப்டாப்பின் மேல் வைத்து, விரல்களை இரண்டு கீயின் மேல் நிறுத்தினாள்.

"வாங்கண்ணா. உங்கள வெச்சுப்போட்டாவது இது ஒழுங்கா ஓடுதான்னு பாக்கலாமுங்க" என்று சிரித்தான். நல்ல சிரிப்பு. ஆடத் தொடங்கினான். கார் நகர்ந்து நகர்ந்துதான் போனது. லாரிகள் மாட்டு வண்டி மாதிரி வந்தன. அவன் ஒவ்வொன்றாக விலகி விலகிப் போனான். ஆறு, ஏழு, எட்டு. ராசாத்தாள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நசுருதீன் திரையைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். ஸ்டெபிலைசரின் முள் கீழே கிடந்தது. விளக்கு அணைந்திருந்தது.

"ஸ்டெபிலைசர் கட்டாயிருக்குதுங்களே?"

"அது மத்தியானம் பூரா, இவன் ஆடற நேரத்துல, அப்படித்தானுங்க" என்றார் செங்கோட்டையன். "சித்திரையில பக்கத்துச் செட்டுல பதனாறு தறி புதுசாப் போட்டாங்க. அதுல இருந்து வோல்டேஜ் பத்தறதில்ல. பிரிஜ்ஜும் ஓடறதில்லீங்க."

நசுருதீன் தொடையில் ஓங்கித் தட்டினார். அத்தனையும் விளங்கிவிட்டது. ஸ்டெபிலைசர் நின்றதும் லேப்டாப் சத்தமில்லாமல் பேட்டரிக்கு மாறுகிறது. பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தன் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறது. அது பழைய காலத்து விளையாட்டு, மெஷினுக்கு என்ன வேகமோ அதுதான் காருக்கும் வேகம். பேட்டரி தீர்ந்ததும் பொசுக்கென்று அமர்ந்துபோகிறது. கடையில் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு வருஷம் பூராவும் ஓட்டியிருந்தாலும் இது பிடிபட்டிருக்காது.

பக்கத்து அறையில் லைட்டுக்கு வந்த, வோல்டேஜ் குறையாத வேறு லைனிலிருந்து வயர் இழுத்துச் சொருகினார். மெஷினை அணைத்துப் போட்டு, அது எழும்போது கீயைத் தட்டி செட்டப்புக்குள் போய், வேகம் குறைக்கிற அமைப்பையும் நிறுத்தினார். மூன்று வாரமாக நெஞ்சில் கிடந்த முள். எடுத்த சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை.

"இத்தன நாளும் இது பாதி வேகத்துலதான் தம்பி ஓடிட்டு இருந்திருக்கு! சித்திரையில இருந்தே! இனிமே ஓட்டிப் பாருங்க, எப்படிப் பறக்குதுன்னு!"

கிருபாசங்கர் நிமிர்ந்து பார்த்தான். ஆடினான்.

முதல் ஆட்டத்தில் மூன்றாவது ஸ்டேஜில் கார் லாரிமேல் மோதியது. அடுத்ததில் இரண்டாவதிலேயே. வலது விரல் கீயை அழுத்துவதற்குள் லாரி வந்துவிடுகிறது. மூன்றாவது ஆட்டத்தில் முதல் வளைவைத் தாண்டவில்லை. வெளியே தறிகள் அடித்துக்கொண்டே இருந்தன.

"என்னுங்க பாய் பண்ணிப்போட்டீங்க?" என்றார் செங்கோட்டையன். "முன்னத்தவிட மோசமாப் போச்சுங்களே!"

கிருபாசங்கர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "ஏனுங்ணா, சித்திரைக்கு முந்தி இது முழு வேகத்துலதானுங்களே ஓடியிருக்கும்? அப்ப நான் நாலாவது வரைக்கும் போனனுங்களே."

அப்போதுதான் நசுருதீனுக்குத் தான் செய்த காரியம் உறைத்தது. எண்ணெயும் இல்லை, வைத்தியரும் இல்லை. கை திரும்பவே இல்லை. சித்திரையில் இருந்ததைவிட இன்னும் கீழே போயிருந்தது. மெஷின் சோர்ந்து, இந்தப் பையனுக்காக மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அதைப் போய், பஸ் ஏறி வந்து, சரி செய்துவிட்டார். அந்த நிமிஷம் அவருக்குத் தன்மேல் வந்த வெறுப்பைச் சொல்லி முடியாது.

கை கழுவுகிற சாக்கில் வெளியே வந்தார். ராசாத்தாள் பின்னாலேயே வந்தாள். அவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஏனுங்க தம்பி, அத மறுக்காப் பழையபடி பண்ணிப்போடுங்க" என்றாள். குரல் தேய்ந்திருந்தது. "சீவன் இருக்கற வரைக்கும் அவன் செயிச்சுட்டுக் கெடக்கட்டுமுங்க."

நசுருதீன் உள்ளே போனார். தலையில் அடித்துக்கொண்டு, நடிக்கத் தெரியாத மனுஷன் நடித்தார். "அட, நான் ஒரு மடையன் தம்பி! செட்டிங்கைத் தப்பாப் போட்டுட்டேன். இது ரெண்டு மடங்கு வேகத்துல ஓடியிருக்கு. முன்னாடி இருந்ததுதான் சரியான வேகம்." கரண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாதி வேகத்திலேயே ஓடும்படி செட்டப்பில் மாற்றி வைத்தார். ஒரு மெஷினைப் பற்றி அவர் தன் வாழ்நாளில் சொன்ன முதல் பொய் அது. எந்தெந்த கீயைத் தட்டுகிறார் என்று கிருபாசங்கர் பார்த்துக்கொண்டே இருந்தான்.

மறுபடியும் ஆடினான். லாரிகள் நிதானமாக வந்தன. எட்டாவது ஸ்டேஜ் வரை போனான். ராசாத்தாள் அவன் தலையைத் தடவினாள்.

"இப்பச் செரியாப் போச்சுங்கண்ணா" என்றான் கிருபாசங்கர், அம்மாவைப் பார்த்தபடி.

அவன் நம்பிவிட்டான் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நசுருதீன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வீட்டில் மெஹராஜிடம் சொன்னபோது அவள் கையிலிருந்த புத்தகத்தை மூடி வைத்தாள். "நீங்க சொன்னது பாவமில்லீங்க" என்றாள். ஆனாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வாரம் கடையில் அந்த அட்டையைக் காணோம். கேட்டவர்களிடம், காற்றில் விழுந்துவிட்டது என்றார்.

கார்த்திகை பிறந்து ஒரு காலை வேளையில் செங்கோட்டையன் வந்தார். அதே மஞ்சள் பை. ஆள் பாதியாகியிருந்தார்.

"கையி ரெண்டும் சுத்தமா உளுந்துபோச்சுங்க பாய். இதக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்கறான். யாராச்சும் படிக்கற புள்ளைக்குக் குடுத்துருங்க. உள்ளார இருக்கறத எல்லாம் அழிச்சுப்போட்டே குடுங்க." சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தார்.

நசுருதீன் மெஷினைப் போட்டார். செட்டப்பில் பாதி வேகம்தான் இருந்தது, அவர் வைத்தபடியே. அழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை என்று விளையாட்டைத் திறந்தார். பத்து ஆட்டத்தின் பட்டியல் வந்தது.

அதில் இரண்டு பெயர் இருந்தது. கிருபா, எட்டு. அதற்கடுத்து, ஆங்கில எழுத்தில், நெசம், இரண்டு. கிருபா, எட்டு. நெசம், இரண்டு. கிருபா, ஏழு. நெசம், ஒன்று.

அவன் ஒருநாளும் நம்பவில்லை. அம்மா அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து, முழு வேகத்துக்கு மாற்றி, தன் கையைத் தானே சோதித்திருக்கிறான். அவள் வருவதற்குள் மறுபடி பாதிக்கு மாற்றி, அவளுக்காக ஜெயித்திருக்கிறான். அந்த விரல்களை வைத்துக்கொண்டு, எத்தனை கீ, எத்தனை நேரம் ஆகியிருக்கும். அவளுக்காகப் பாதி வேகத்தில் ஆடிய கடைசி ஆட்டத்தில்கூட ஸ்டேஜ் ஒன்றுமில்லை. பெயருக்கான இடத்தில் கிருபாவின் முதல் எழுத்து மட்டும் இருந்தது. மிச்சத்தை அடிக்க விரல் வரவில்லை.

நசுருதீன் திரைக்குப் பின்னால் குனிந்து, ஸ்குரூ தேடுகிற மாதிரி அழுதார்.

"ஏனுங்க பாய்" என்று செங்கோட்டையன் திரும்பாமலே கேட்டார். "அது இன்னும் நல்லா ஓடுதுங்களா?"

"ஓடுதுங்ணா" என்றார் நசுருதீன். "நல்லா ஓடுது."