‘எப்ப?’ என்று கேட்கும் வீடு

வெள்ளி, காலை 6.10. ராஜபாளையம் ஸ்டேஷனில் இறங்கினேன். என் காரியம் என்னவோ ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். சென்னை ரயில் அந்த ஊரைத் தாண்டித்தான் இங்கே வந்தது. விவரமானவர்கள் அங்கேயே இறங்கியிருப்பார்கள். எனக்கு ராஜபாளையத்தில் ஒரு டீ குடிக்காமல் எதுவும் ஓடாது. ஆறு வருஷம் இந்தப் பக்கம் வீடு வீடாகப் போய் நர்ஸ் வேலை பார்த்தவள் நான். இனிக் குணமாகாது என்று ஆனவர்களின் வலியைக் குறைப்பது, புண்ணைக் கழுவிக் கட்டுவது, கூட உட்கார்ந்திருப்பது. பாலியேட்டிவ் கேர் என்பார்கள்.

அந்தத் துறையின் அகில இந்திய மாநாடு நாளையும் மறுநாளும் திருவனந்தபுரத்தில் நடக்கிறது. எனக்குப் பன்னிரண்டு நிமிடம். நோயின் நிலையைக் குடும்பத்திடம் எப்படிச் சொல்வது என்பது தலைப்பு. நான் எழுதி வைத்திருப்பதோ முழுக்க ஒரே வீட்டின் கதை. அந்த வீட்டு அக்கா சம்மதித்துக் கையெழுத்துப் போடாமல் அதை மேடையில் சொல்லக் கூடாது. போனில் கேட்டதற்கு, “நேர்ல வாங்க சிஸ்டர், பாப்போம்” என்று வைத்துவிட்டார். கையெழுத்து கிடைக்காவிட்டால் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

டீ பன்னிரண்டு ரூபாய். மேற்கே அய்யனார் கோவில் மலைமேல் மேகம் அன்றுபோலவே படுத்திருந்தது. மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு டாக்டரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போன காலைகள் ஞாபகத்துக்கு வந்தன. சம்பளம் கொஞ்சம், பசி அதிகம். ஆனாலும் அவ்வளவு சந்தோஷமாக அதற்குப் பிறகு நான் எங்குமே வேலை பார்க்கவில்லை.

7.30. ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. “மடவார் வளாகம்” என்று அக்கா வீடு இருக்கும் பகுதியைச் சொன்னேன்.

கண்டக்டர் சிரித்தார். “அங்கிட்டு இந்த வண்டி போகாதும்மா. பஸ் ஸ்டாண்டுல எறங்கி ஆட்டோ பிடிங்க. ஊருக்கு வந்து ரொம்ப நாளாச்சோ?”

“ஒம்பது வருஷம்” என்றேன்.

பதினொரு கிலோமீட்டர், அரைமணி நேரம். பஸ் ஸ்டாண்டில் அரை கிலோ பால்கோவா இருநூறு ரூபாய்க்கு வாங்கினேன். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவையே வாங்கிக்கொண்டு போகும் புத்திசாலி நான். ஆட்டோவுக்கு அறுபது ரூபாய்.

8.20. ரெங்கநாயகி அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். கூடத்தில் அவர் கணவர் சீனிவாசன் அண்ணாச்சியின் படம். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்தவர். கழுத்துப் புண்ணுக்கு நான் எடுக்கும் துணியை விரலால் நெருடிப் பார்த்து, “இது எங்க தறித் துணி இல்ல சிஸ்டர், எழை தள்ளித் தள்ளி இருக்கு” என்பார். திங்களும் வியாழனும் போவேன். கிளம்பும்போது “போயிட்டு வாரேன் அண்ணாச்சி” என்பேன். “எப்ப?” என்பார். கிழமையைச் சொன்னால்தான் தலையாட்டுவார்.

என் தாளை வாசித்துக் காட்டினேன். ‘அந்த வியாழக்கிழமை டாக்டரும் நானும் இருவரையும் உட்காரவைத்து, இன்னும் சில நாட்கள்தான் என்று பக்குவமாகச் சொன்னோம். அதுவரை குடும்பத்துக்கு எதுவும் தெரியாது.’

அக்கா கையை உயர்த்தினார். “அங்கன நிப்பாட்டுங்க. திங்கக்கிழமையே தெரியும்.”

“யார் சொன்னது?”

“நீங்கதான். அன்னைக்குக் கட்டுப் போட்டுட்டு, பையத் தூக்கிட்டு, ஒண்ணுமே சொல்லாமப் போனீக. எழவு வீட்டுல இருந்துதான சொல்லாமப் போவாக?”

சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லமாட்டார்கள். அங்கே மறுபடி வரும்படி ஆகிவிடக் கூடாது என்பதற்காக. அந்தத் திங்கட்கிழமை அவர் மூச்சைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அழுகை வருமுன் வெளியேறிவிட வேண்டும் என்பது மட்டும்தான் அப்போது மனதில் இருந்தது.

அக்கா அண்ணாச்சியின் படத்தைக் காட்டினார். “அவியளும் கவனிச்சிட்டாக. எப்பன்னு கேக்க வாயத் தொறந்தாக, நீங்க தெருவுல இருந்தீக. பொறவு மூணு நாளு. எனக்குத் தெரிஞ்சது அவியளுக்குத் தெரியக் கூடாதுன்னு நானு. அவியளும் அப்படியே. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கல. வியாழக்கிழமை நீங்க சொன்ன பொறவுதான் கையப் பிடிச்சிக்கிட்டோம். அதுக்கப்பறம் இருந்ததே ஒரு வாரம்.”

“மன்னிச்சிருங்க அக்கா” என்றேன்.

அக்கா என் தாளைத் தொட்டுக் காட்டினார். “கோவம் இருந்துச்சு. இல்லன்னு சொல்லல. வியாழக்கிழமை நீங்க பேசுனது நல்லாத்தான் பேசுனீக. அதையும் சொல்லுங்க. இதையும் சேத்துச் சொல்லுததா இருந்தா கையெழுத்துப் போடுதேன். அங்க வார நர்சுங்க கேக்கட்டும்.”

‘எதுவும் தெரியாது’ என்ற வரியை அடித்துவிட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதி வாசித்துக் காட்டினேன். கையெழுத்துப் போட்டார். பால்கோவாவைப் பிரித்து முதல் துண்டை என் கையில்தான் வைத்தார்.

10.15. பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டேன். பிறகு திரும்பி நின்றேன்.

“போயிட்டு வாரேன் அக்கா.”

“எப்ப?”

சென்னையில் நான் வேலை பார்க்கும் இடத்தில் டோக்கன் சீட்டிலேயே அடுத்த தேதி இருக்கும். யாரும் என்னிடம் இதைக் கேட்பதில்லை.

“திங்கக்கிழமை” என்றேன். தலையாட்டினார்.

மாநாட்டிலிருந்து நேராகச் சென்னைக்குத் திரும்ப டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். திருவனந்தபுரம் போக ஏறிய தென்காசி பஸ் ராஜபாளையத்தைத் தாண்டுவதற்குள் போனிலேயே அதை ரத்து செய்தேன்.