கடவுளே, தட்டம்மையாகவே இருக்கட்டும்

நோயாளிக்கு ஊசி போடுவது சுலபம். படுத்திருப்பார், ஓட மாட்டார். ஊசி போடுகிறவர்களுக்கே ஊசி போடும் பொறுப்பு வந்தால்தான் இந்தத் தொழிலின் அருமை தெரியும். திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தொற்றுத் தடுப்பு நர்ஸாக இருக்கிறேன். ஊழியர்களுக்கு வியாதி ஏதாவது வந்தால் என் குற்றம். வராவிட்டால், இவளுக்கு என்ன வேலை, சும்மா உட்கார வைத்துச் சம்பளம் கொடுக்கிறோமே என்று பேச்சு. வேறு ஏதோ ஆஸ்பத்திரியில் இதே நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருக்கும் சகோதரிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்றார்கள். உடனே ஊழியர்கள் அத்தனை பேருக்கும் தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்கும் எதிர்ப்பு சக்தி இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், இல்லாதவர்களுக்கு ஊசி போட வேண்டும் என்று உத்தரவு. கேட்பதற்கு எவ்வளவு எளிமையாக இருக்கிறது பாருங்கள்.

வந்தவர் யார்?

முதலில் மாட்டியவர் முனிரத்தினம். எலும்பு முறிவு வார்டில் இருபது வருஷமாக அட்டெண்டர். அவருக்கே கை உடைந்தபோது, வார்டில் இருந்த மூன்று எலும்பு டாக்டர்களுக்கும் வணக்கம் வைத்துவிட்டு, பஸ் ஏறிப் புத்தூர் போய் நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட்டுக்கொண்டு வந்த மனிதர். நம் வைத்தியத்தின் மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை.

ரத்தம் எதற்கு, சின்ன வயதிலேயே தனக்கு அம்மை வந்துவிட்டது என்றார். வந்தது தட்டம்மையா, சின்னம்மையா என்று கேட்டேன். ஒன்றும் தெரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகப் பதில் சொன்னார்.

"யாரு, என்னான்னு பேரு கேட்டு உள்ள வுட்றதுக்கு அவங்க என்ன விசிட்டரா சிஸ்டர்? வந்தாங்க, மூணு தண்ணி ஊத்தினோம், போய்ட்டாங்க."

சக்தி வேண்டாம்

கெஞ்சியும் மிரட்டியும் பாதிப் பேரிடம் ரத்தம் எடுத்து ரிப்போர்ட் வாங்கினேன். எதிர்ப்பு சக்தி இருக்கிறவர்கள் ஏதோ பரீட்சையில் பாஸான மாதிரி காலரைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். அது ஒரு நாள்தான். மறுநாள் மேட்ரன், அம்மைக் குழந்தைகளை வைத்திருக்கும் தனி அறைக்கு அவர்களை மட்டும் டூட்டி போட்டார். அது சரியான ஏற்பாடுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அதோடு ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் நின்றுபோனார்கள். வந்த ஒன்றிரண்டு பேரும் பெயில் ஆவதற்கு வழி கேட்டார்கள்.

முனிரத்தினத்துக்கு இரண்டு சக்தியும் முழுசாக இருந்தன. ரிப்போர்ட்டை நான்காக மடித்து என் கையிலேயே திணித்தார்.

"எனக்கு சக்தி கீதுன்னு மேட்ரனுக்கு மட்டும் சொல்லாதீங்க. அத எடுக்கறதுக்கு ஒரு ஊசி இருந்தா சொல்லுங்க, இப்பவே போட்டுக்கறேன்."

சேர்மன் சார்

தொற்றுத் தடுப்புக் கமிட்டிக்குச் சேர்மன், எங்கள் மூத்த குழந்தை டாக்டர். ஊருக்கெல்லாம் தடுப்பூசி போடுகிறவர். ஊழியர்களுக்கான ஊசி மருந்து வாங்க அவர் கையெழுத்து வேண்டும். ஃபைல் அவர் மேஜையில் மருந்துக் கம்பெனிக்காரர்கள் கொடுத்த காலண்டர்களுக்கு அடியில் ஒரு மாதமாகத் தூங்கியது. அவருடைய ரத்தத்தைக் கேட்டுப் போனால் ரவுண்ட்ஸ் என்பார், ரவுண்ட்ஸில் பிடித்தால் ஓ.பி. என்பார். ஒரு தடவை என்னைப் பார்த்ததும், அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

சுற்றறிக்கையில் 'அனைவரும் கட்டாயம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பது நீங்கள்தானே என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை. தன் தெலுங்குத் தமிழில் சொன்னார்.

"முப்பது வருஷமா பிள்ளைங்க என் மூஞ்சி மேலயே தும்மறாங்கம்மா. நேனே ஒரு தடுப்பூசி, தெலுசா?"

ஸலோமி

ஸலோமி குழந்தைகள் வார்டு நர்ஸ். சித்தூரில் பழைய மிஷன் சபைக் குடும்பத்துப் பெண். கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. ரிப்போர்ட்டில் தட்டம்மைக்கு அவளுக்குச் சக்தி இருந்தது, ரூபெல்லாவுக்கு இல்லை. அவள் குழந்தையாக இருந்தபோது போட்ட ஊசியில் தட்டம்மை மட்டும்தான் இருந்தது. கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் ரூபெல்லா வந்தால் வயிற்றுக் குழந்தைக்குக் கண், காது, இதயம் எது வேண்டுமானாலும் போகலாம். கர்ப்பமான பிறகு இந்த ஊசியைப் போடக் கூடாது. முன்கூட்டியே போட்டுக்கொண்டு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். இதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். வார்டில் தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே அவள்தான்.

ஊசி எப்போது வரும் என்று மூன்று தடவை கேட்டாள். ஃபைல் சாரிடம் இருக்கிறது என்று மூன்று தடவை சொன்னேன். எதிரில் இருக்கும் மருந்துக் கடையில் ஒன்று வாங்கிப் போட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை. மற்றவர்களைக் கிண்டல் செய்யும் எனக்கு, இந்த இடத்தில் கிண்டல் செய்ய வாய் வரவில்லை.

ஐந்தாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். நாள் தள்ளிப்போயிருந்தது, டெஸ்ட்டும் செய்துவிட்டாள். கட்டிப்பிடித்து வாழ்த்த வேண்டிய செய்தி. நான் அவளுடைய ரூபெல்லா ரிப்போர்ட்டை எடுத்து மறுபடி பார்த்தேன்.

"ஆறு வருஷமா வரலன்னு அழுதுக்கினு இருந்தேங்க்கா. இப்ப வந்துடுச்சின்னு அழறேன். கர்த்தருக்கே என்னப் பாத்தா சிரிப்பு வரும்."

கூட்டுப் பிரார்த்தனை

மேட்ரனிடம் சண்டை போட்டு, திங்கட்கிழமை அவளை ரெக்கார்டு ரூமுக்கு மாற்றினேன். புதன்கிழமை சேர்மன் சார் வரவில்லை. காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, முகத்திலிருந்து சிவப்பாகத் தடிப்பு இறங்குகிறது என்றார்கள். முந்தைய வாரம் முழுக்க அவருடன் ரவுண்ட்ஸ் போனவள் ஸலோமி.

வீட்டுக்கே ஆள் அனுப்பி ரத்தம் எடுத்தோம். இந்த முறை அவர் எழுந்து ஓடும் நிலையில் இல்லை. ரூபெல்லாவாக இருந்தால் ஸலோமி கதி என்னவாகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. தட்டம்மையாக இருந்தால் அவளை ஒன்றும் செய்யாது. ரிப்போர்ட் வர இரண்டு நாள். சார் பார்த்த குழந்தைகளின் வீடுகளுக்கெல்லாம் போன் போட்டு, ஒவ்வொரு குழந்தையாகக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டே அந்த இரண்டு நாளையும் தள்ளினேன். சித்தூரில் ஸலோமியின் சபையார் உபவாசம் இருந்தார்கள். நான் திருமலைப் படிக்கட்டு தொடங்கும் அலிபிரிக்குப் போய், முதல் படியில் கற்பூரம் ஏற்றினேன். முனிரத்தினம் ஊர் அம்மன் கங்கம்மாவுக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டார். வேண்டுதல் எல்லோருக்கும் ஒன்றுதான்: கடவுளே, அந்த மனுஷனுக்குத் தட்டம்மையாகவே இருக்கட்டும்.

தட்டம்மைதான். ரூபெல்லா இல்லை. ஸலோமிக்குப் போன் செய்து சொன்னேன். சபையாரிடம் சொல்ல வேண்டும் என்று உடனே போனை வைத்துவிட்டாள். அடுத்து சாருக்குச் சொன்னேன். நூற்று மூன்று காய்ச்சலில், வெளிச்சம் பார்க்க முடியாமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தார். அவருக்காக ஸ்டாஃப் எல்லாம் சாமி கும்பிட்டது, பட்டினி கிடந்தது வரை யாரோ சொல்லியிருக்கிறார்கள். என்ன வேண்டிக்கொண்டோம் என்பதை மட்டும் சொல்லவில்லை. சாருக்குக் குரல் தழுதழுத்தது.

"என் மேல மீக்கு இவ்ளோ பிரேமன்னு இத்தினி வருஷமா எனக்குத் தெரியலம்மா. அந்த ஃபைலு எடுத்துனு வா, சைன் போட்றேன்."

ஸலோமியின் மகள் ஒன்பதாம் மாத ஊசிக்கு ஒரு நிமிஷம் அழுதுவிட்டு நிறுத்திக்கொண்டாள், ரூபெல்லாவுக்குத் தனக்குச் சக்தி இல்லை என்று தெரிந்த பிறகும் சேர்மன் சார்தான் தன் ஊசிக்கு இன்னும் நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்.