கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்டேன்

எட்டாம் ஆண்டோடு படிப்பை விட்டவன் நான். தெமோதரையில் மச்சான் செல்வத்தோடு வெல்டிங் கடை நடத்துகிறேன். இரும்புப் பைப்பில் துளை போட, காந்த ட்ரில் மெஷின் வாங்க பதுளைக்குப் போனோம்.

கடைக்கார நானா ஒரு மெஷினைத் தட்டையான இரும்பில் ஒட்டவைத்தார். மச்சான் இரண்டு கையாலும் இழுத்தும் அசையவில்லை. "இதையே எடுப்போம்" என்றான். எனக்குத்தான் பயம்.

"கரண்ட் போனா காந்தம் என்னாகும் நானா?"

"விட்டுரும்."

உடனே, காந்தத்தோடு பைப்பின் வளைவில் உட்கார்ந்து, சங்கிலியாலும் சுற்றி இறுக்கும் மெஷினைக் கேட்டேன்.

"மெஷின் வாங்குறியா, மாடு வாங்குறியா?" மச்சான் சிரித்தான். ஆனாலும் அதையே வாங்கினோம்.

போன மாதம் தோட்டத்து லயன் வீடுகளுக்கான தண்ணீர்ப் பைப்பைக் கட்டையில் ஏற்றி, பக்கவாட்டில் துளை போட்டுக்கொண்டிருந்தோம். பட்டென்று கரண்ட் போனது. காந்தம் விட்டு, மெஷின் சாய்ந்து சங்கிலியில் தொங்கியது. நேர் கீழே மச்சானின் கால்.

அவன் காலை இழுத்துக்கொண்டு சங்கிலியைத் தொட்டுப் பார்த்தான். "மாட்ட நல்லா கட்டியிருக்க மச்சான்."

பயந்தாங்கொள்ளி என்று பேர் வாங்கியவன் நான். இப்போது எந்த மெஷின் வாங்கினாலும் அந்தக் கேள்வியை வெட்கப்படாமல் கேட்கிறேன். எங்கள் கடையில் சங்கிலி மாட்டாமல் சுவிட்சைத் தொடுவதில்லை. சங்கிலியை முதலில் இழுத்துப் பார்ப்பது மச்சான்தான்.